அடுப்பு முதலில், பை பிறகு

நீண்ட நடைப்பயணத்துக்கு ஆயத்தமாகும் எந்தக் குழுவின் பொருட்பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். உடை, போர்வை, மருந்து, டோர்ச், உணவு என்று வரிசையாக வந்து, கடைசியில் யாரோ நினைவூட்டியதால் சேர்ந்ததுபோல "அடுப்பு" என்று ஒரு சொல் இருக்கும். என்ன அடுப்பு, எந்த எரிபொருள், எத்தனை பேருக்கு ஒன்று என்ற விவரம் எதுவும் இராது. அந்தக் கடைசி வரியை முதல் வரியாக்க வேண்டும் என்பதே என் கருத்து. அடுப்பைத் தீர்மானித்தால் உணவு தீர்மானமாகும். உணவு தீர்மானமானால் பானையும் தண்ணீரும் தீர்மானமாகும். பிள்ளையின் தோளில் எத்தனை கிலோ ஏறப்போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கண்டி ஹந்தானையில் தொடங்கி, மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை திறக்கப்பட்டதிலிருந்து, பள்ளிக்கூடக் குழுக்களுக்கு ஒரு புதிய ஆசை பிறந்திருக்கிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம், 22 கட்டங்கள். கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று, புவியியல் பாடத்தில் பெயராக மட்டும் படித்த ஊர்களைக் காலால் அறியலாம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வர்த்தக நோக்கில் தேயிலை நட்ட லூல்கந்துர மண்ணில் நின்று வரலாறு படிப்பதற்கும் வகுப்பறையில் படிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை. எமது கைட் பிள்ளைகளும் கேட்கிறார்கள். மூன்று நாள், இரண்டு இரவு. பெற்றோரில் பாதிப்பேர் சம்மதம், பாதிப்பேர் தயக்கம்.

தயங்கும் பெற்றோரிடம் காரணம் கேட்டால், வழித்துணை பற்றியோ தங்குமிடம் பற்றியோ அவர்கள் முதலில் பேசுவதில்லை. "டீச்சர், புள்ளைக்குத் தாங்காது" என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் நான் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

சென்ற வருடம் ஒருநாள் ஒத்திகை நடைக்கு வந்த தரம் 10 பிள்ளை ஒருத்தி, உச்சி வெயில் ஏறுமுன்னே உட்கார்ந்துவிட்டாள். இரவு தங்குவதுபோலவே பையைக் கட்டிவரும்படி எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். திரும்பி வந்ததும் அவளது பையை அப்படியே தராசில் வைத்தேன். 13.4 கிலோ. பிள்ளையின் எடை 43 கிலோ. உள்ளே என்னென்ன இருந்தன என்று ஒவ்வொன்றாக நிறுத்தோம். வெறும் பை 900 கிராம். ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு, அதாவது 3 கிலோ தண்ணீர். கம்பளிப் போர்வை 1.9 கிலோ. நாலு சோடி உடுப்பு 2.4 கிலோ. குழுவுக்கென்று உம்மா கட்டிக்கொடுத்த அரிசி 2 கிலோ. மூடியோடு அலுமினியப் பானை 800 கிராம். மீன் டின் மூன்று, 1.5 கிலோ. பிஸ்கட்டும் கொறிப்பதற்கானவையும் 900 கிராம். அந்தப் பிள்ளை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு மலை ஏறியிருக்கிறாள். இரவு தங்கும் நடைக்குப் பை உடல் எடையின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நடைப்பயணிகள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அவளுக்கு அது 8.6 கிலோ. ஒரு வளர்ந்த ஆணின் தோளில் அதே விகிதத்தில் பாரம் ஏற்றியிருந்தால் அவரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் மறுநாள் எம் காதுக்கு வந்த பேச்சு வேறு. "பொம்புளப் புள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" தாங்காமல் போனது பிள்ளைக்கல்ல, பைக்கு. அந்தப் பையைக் கட்டியது நாங்கள், பெரியவர்கள்.

இனி அந்தப் பையில் அடுப்பின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவளிடம் அடுப்பே இல்லை, அது வேறொருத்தியின் பையில் இருந்தது. ஆனால் "போன இடத்தில் சமைக்கலாம்" என்று ஒருவரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட அந்த எண்ணம்தான் அரிசியையும் பானையையும் மீன் டின்னையும் அவள் முதுகில் ஏற்றியது. மூன்றும் சேர்ந்து 4.3 கிலோ. அடுப்பு நூறு கிராமா இருநூறு கிராமா என்று கடையில் நின்று வாதிடுகிறோம். அது தன் பின்னால் இழுத்துவரும் பாரத்தை நாம் நிறுப்பதில்லை.

அரிசி சமைப்பது மலையில் எவ்வளவு செலவான காரியம் என்பதற்கு இரசாயனவியல் ஆசிரியையாக ஒரு சிறு கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பு மூட்டினாலும் திறந்த பானையில் தண்ணீர் அதற்குமேல் சூடேறாது. ஆகவே சிவப்பரிசியும் பருப்பும் வீட்டில் எடுப்பதைவிடக் கூடிய நேரம் எடுக்கும். நேரம் என்றால் எரிபொருள், எரிபொருள் என்றால் பாரம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் போதும் என்ற உணவுக்கும், இருபது இருபத்தைந்து நிமிடம் அடுப்பில் வேகவேண்டிய உணவுக்கும் இடையில் எரிபொருட் செலவு பல மடங்கு வேறுபடும். அவல், வறுத்த ரவை, குரக்கன் மா, நூடுல்ஸ், பால்மா, மாசி, வறுத்த நெத்தலி, பேரீச்சம்பழம். எமது குசினியிலேயே இருக்கிற இவற்றை வைத்து மூன்று நாளை ஓட்டலாம். வெளிநாட்டுப் பொதி உணவு எதுவும் தேவையில்லை.

சரி, எரிபொருளுக்கு வருவோம். ஒரு லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 335 கிலோயூல் வெப்பம் வேண்டும். சாதாரண தர மாணவிகள் தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. எரிவாயு ஒரு கிராம் எரிந்தால் ஏறத்தாழ 46 கிலோயூல், மண்ணெண்ணெய் 43, மெதிலேற்றட் ஸ்பிரிட் 27. ஸ்பிரிட் ஏன் இவ்வளவு குறைவு? எதனோலின் மூலக்கூறுக்குள் ஏற்கெனவே ஓர் ஒட்சிசன் உட்கார்ந்திருக்கிறது. பாதி எரிந்த விறகு முழு விறகளவு சூடு தராதல்லவா, அதுபோலத்தான். திறந்தவெளியில் வெப்பத்தில் பாதி காற்றோடு போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு லீற்றருக்கு எரிவாயு 15 கிராம், மண்ணெண்ணெய் 16 கிராம், ஸ்பிரிட் 25 கிராம் என்று வரும்.

மூன்று பிள்ளைகளுக்கு ஓர் அடுப்பு. இரண்டு இரவு, இரண்டு காலை. ஒவ்வொரு முறையும் ஒன்றரை லீற்றர். மொத்தம் 6 லீற்றர். எரிவாயு என்றால் 90 கிராம், அதாவது 100 கிராம் பிடிக்கும் சிறிய குப்பி ஒன்று. ஆனால் அந்தக் குப்பியின் உருக்கும் கிட்டத்தட்ட நூறு கிராம். திருகிப் பொருத்தும் அடுப்பு 90 கிராம். ஆக 290 கிராம். ஸ்பிரிட் என்றால் 150 கிராம். அடுப்போ குளிர்பானத் தகரத்தில் செய்வது, 15 கிராம் இராது. பானை தாங்கி, காற்றுத் தடுப்பு, சிறிய போத்தல் எல்லாம் சேர்ந்தாலும் மொத்தம் 230 கிராம் அளவில் முடிந்துவிடும். வெப்பம் குறைந்த எரிபொருள் பாரத்தில் வென்றுவிடுகிறது! நாட்கள் கூடக்கூட இந்த வெற்றி தேய்ந்து, ஒரு கட்டத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும். அதற்குமேல் எரிவாயு. மண்ணெண்ணெய் அடுப்பு தானே அரைக் கிலோ வரும். எனவே வாரக்கணக்கில் குளிரில் திரிபவர்களுக்கே அது பொருந்தும். 1911இல் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சனும், 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் மண்ணெண்ணெயில் எரியும் பிறைமஸ் அடுப்பைத்தான் கொண்டுபோனார்கள். பனிக்கட்டியை உருக்கினால்தான் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்.

அந்தத் துருவப் பயணத்தில் எரிபொருள் பற்றிய ஒரு செய்தி உண்டு. அமுண்ட்சனுக்குப் பின்னால் துருவத்தை அடைந்த ஸ்கொட்டின் ஐவர் குழு, திரும்பும் வழியில் முன்கூட்டியே புதைத்து வைத்திருந்த மண்ணெண்ணெய்த் தகரங்களைத் தோண்டி எடுத்தபோது, இருக்கவேண்டிய அளவு எண்ணெய் இல்லை. மூடியில் இருந்த தோல் வளையங்கள் கடுங்குளிரில் பழுதாகி, எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போயிருந்தது. அமுண்ட்சன் தன் தகரங்களை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். ஸ்கொட்டின் குழுவில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. அவர்கள் இறந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, மூடி ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் எந்த எரிபொருள் என்று தெரிந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை, எதில் ஊற்றிக் கொண்டுபோகிறோம் என்பதும் அந்தத் தெரிவின் ஒரு பாதி. ஸ்பிரிட்டைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவரும் பழக்கத்தை நான் கண்டிப்பாக மறுப்பதற்குக் காரணம் கசிவு மட்டுமல்ல. இருட்டில் தாகத்தோடு கைநீட்டும் பிள்ளைக்கு இரண்டு போத்தலும் ஒன்றுதான். மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் குடிப்பதைத் தடுக்கவென்றே மெதனோல் கலக்கிறார்கள். அது கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

ஸ்பிரிட் என்றதும் சில பெற்றோரின் முகம் வேறு காரணத்துக்காகவும் மாறும். மார்க்கத் தீர்ப்பை மௌலவியிடம் கேளுங்கள், இரசாயனவியலை மட்டும் என்னிடம் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வது. நான் அதை வேண்டாம் என்பது வேறு காரணத்துக்காக. ஸ்பிரிட் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றப்போய்த் தீக்காயம் பட்டவர்கள் உலகெங்கும் உண்டு. எமது பிள்ளைகள் ஹிஜாபோடு, நீண்ட அங்கியோடு நடப்பவர்கள். அவற்றில் பெரும்பாலானவை பொலியெஸ்டர் துணி. அது பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத சுவாலைக்குமேல் குனிந்து பானையைப் பார்க்கும் ஒரு பிள்ளையின் முந்தானை எங்கே தொங்குகிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். 60 கிராம் மிச்சம் பிடிப்பதற்காக அதை நான் ஏற்கத் தயாரில்லை.

இன்னொன்று, ஸ்பிரிட் அடுப்புக்குத் திருகி மூடும் வால்வு கிடையாது. தட்டுப்பட்டுக் கவிழ்ந்தால் நெருப்பு திரவமாக ஓடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில், மூடும் வால்வு இல்லாத அடுப்புகளைப் பல வனப்பகுதிகளில் தடை செய்வது இதனால்தான். எமது ஊவாப் பக்கத்துப் பத்தனைப் புல் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பதை அவ்வழியே ரயிலில் போனவர்கள் அறிவார்கள். விறகு பற்றியும் இத்தோடு சொல்லிவிடுகிறேன். பாரம் இல்லாத எரிபொருள் என்று சிலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கிடக்கும் சுள்ளி, தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு தாயின் அன்றைய அடுப்புக்குரியது. அதை நாம் பொறுக்கி எரிப்பது முறையல்ல. காட்டுப் பகுதியில் நெருப்பு மூட்டுவது சட்டப்படியும் ஆகாது.

ஆக, அடுப்பு வேண்டுமென்றால் எரிவாயு. அதிலும் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் கலவை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வீடுகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்த நாட்களில், புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு சொற்களும் எல்லா உம்மாமாரின் வாயிலும் அடிபட்டன. மறுவருடம் சிலிண்டருக்காகவும் மண்ணெண்ணெய்க்காகவும் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அந்த இரண்டு சொற்களும் இங்கே உதவுகின்றன. சாதாரண பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே. ஐசோபியூட்டேன் ஏறத்தாழ மறை 12 பாகை. புரொப்பேன் மறை 42. தை மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் புல்லில் உறைபனி பிடிக்கும். அந்த நேரத்தில், மேசை அடுப்புக்கென்று விற்கும் நீண்ட தகரத்திலுள்ள பியூட்டேன் வாயுவாக மாறவே தயங்கும். எரியத் தொடங்கினாலும், ஆவியாகும்போது தகரம் தானே குளிர்ந்து சுவாலை சுருங்கும். "காஸ் முடிஞ்சு போச்சு டீச்சர்" என்று பிள்ளை சொல்வாள். குலுக்கிப் பார்த்தால் உள்ளே திரவம் சலசலக்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகுக் குப்பிக்கு இந்தத் தொல்லை எமது நாட்டுக் குளிரில் வராது. விலை கூட, ஆனால் குழுவுக்கு ஒன்றிரண்டு போதும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து சின்னக் குப்பிக்கு நிரப்பித் தருகிறேன் என்று எந்த மாமாவும் முன்வந்தால் தயவுசெய்து நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அந்தக் குப்பி அந்த அமுக்கத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

கட்டாரிலோ துபாயிலோ இருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. பாவிக்காத புது அடுப்பை வாங்கி வரலாம். எரிவாயுக் குப்பியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பொதியிலும் முடியாது. விமான நிலையத்தில் அதைப் பறிகொடுத்து மனம் நோக வேண்டாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் உண்மையான கருத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நாம் போகவிருக்கும் பாதைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நேரச் சூடான தண்ணீருக்கு மேல் அடுப்பே தேவையில்லை. பெக்கோ நடைபாதையில் பெரும்பாலான கட்டங்கள் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு, ஊரிலிருந்து ஊருக்குப் போகின்றன. ரொட்டியும் சம்பலும் பிளேன் டீயும் தரும் சின்னக் கடைகள் வழியில் உண்டு. மதியச் சாப்பாட்டை அங்கே வாங்கினால் பாரமும் குறையும், அந்த ஊருக்கும் நாலு காசு சேரும். ஹலால் பற்றிய கவலையில்தான் உம்மாமார் மீன் டின்னையும் பொரித்த இறைச்சியையும் அடைத்து அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அது நியாயமான கவலை. ஆனால் ரொட்டி, பருப்பு, சம்பல், முட்டை, வாழைப்பழம் என்று கேட்டு வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு அதில் சிக்கல் இல்லை. மலையகப் பட்டினங்களில் எம்மவர் கடைகளும் உண்டு. எங்கே என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது பெற்றோர் குழுவுக்குப் பொருத்தமான வேலை. வட்ஸ்அப்பில் பட்டியலை நீட்டுவதைவிட அது பயன் தரும்.

அடுப்பே இல்லாமல் நடந்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் எம்மா கேட்வுட். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பெண், பதினொரு பிள்ளைகளின் தாய். 1955இல் தனது 67ஆவது வயதில், 3,300 கிலோமீற்றர் அளவிலான அப்பலாச்சியன் பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்தார். அவ்வாறு நடந்த முதல் பெண் அவர். வீட்டில் சொன்னதெல்லாம் நடக்கப் போகிறேன் என்பது மட்டும். கையால் தைத்த டெனிம் துணிப்பை ஒன்று, ஒரு போர்வை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை, காலில் துணிச் சப்பாத்து. கூடாரமும் இல்லை, அடுப்பும் இல்லை. கடலை, உலர்ந்த திராட்சை போன்றவற்றைத் தின்றார், வழியில் காட்டுப் பழம் பறித்தார், ஊர்களில் யாராவது கூப்பிட்டால் சாப்பிட்டார். பிறகும் இரண்டு தடவை அதே பாதையை முடித்தார். இதற்கு மறுபக்கமும் உண்டு. 1995இல் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் இறங்கிய ஷெரில் ஸ்ட்ரேய்ட் என்ற இளம் பெண், எழுந்து நிற்கவே சிரமமான பாரத்தைச் சுமந்துகொண்டு போனார். அடுப்பும் வைத்திருந்தார், ஆனால் அதற்குப் பொருந்தாத எரிபொருளை ஊற்றியதால் அது எரியவில்லை. ஆரம்ப நாட்களில் ஆறிய உணவே சாப்பாடு. அவரே பின்னர் நூலில் எழுதிய செய்தி இது. கேட்வுட் அம்மையாரைப் பின்பற்றி எம் பிள்ளைகளைக் கூடாரம் இல்லாமல் அனுப்பச் சொல்லவில்லை. 67 வயதில் அவர் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தவற்றில் ஒன்றிரண்டையாவது 15 வயதில் நாமும் எடுத்து வைக்கலாம் என்கிறேன்.

என்னோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவர் இதில் உடன்படவில்லை. மழையில் நனைந்து வந்த பிள்ளைக்கு ஒரு கோப்பை சூடான தேநீர் என்பது உணவு அல்ல, மருந்து என்றார். அது சரி. அதனால்தான் மூன்று பேருக்கு ஓர் எரிவாயு அடுப்பு என்ற இடத்தில் நான் நிற்கிறேன், அதற்குக் கீழே இறங்கவில்லை. இன்னொருவர், பெயர் வேண்டாம், "சமைக்காமல் போய்வந்தால் பெண் பிள்ளைகள் அங்கே என்னதான் படிப்பார்கள்?" என்று கேட்டார். சமையலை வீட்டில் படிக்கட்டும். அங்கே வரைபடம் பார்க்கவும், மேகம் பார்க்கவும், தோட்டத்து மக்களோடு மரியாதையாகப் பேசவும் படிக்கட்டும். ஆண் பிள்ளைகள் நடைப்பயணம் போகும்போது இந்தக் கேள்வியை எவரும் கேட்டதாக நான் அறியேன்.

அதே 43 கிலோப் பிள்ளையின் பையை நாங்கள் மறுபடி கட்டிப் பார்த்தோம். பை 900 கிராம். தண்ணீர் ஒன்றரை லீற்றர், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். உலர் உணவு மூன்று நாளுக்கு 1.8 கிலோ. மெல்லிய நித்திரைப் பை 1 கிலோ. உடுத்திருப்பதைத் தவிர ஒரு சோடியும், இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், மொத்தம் 1.2 கிலோ. மழை விரிப்பு 400 கிராம். அதுவே நிலத்தில் விரிக்கவும் தொழவும் போதும், தனியாக ஒரு பாய் தேவையில்லை. டோர்ச், மருந்து, சில்லறை 600 கிராம். அடுப்பு, குப்பி, சின்னப் பானை மூன்றையும் மூவரும் பிரித்துக்கொண்டால் அவள் பங்கு 180 கிராம். மொத்தம் 7.6 கிலோ. பிள்ளை தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். மூச்சு வாங்கியது, ஆனால் உட்காரவில்லை. முன்பு இருந்ததில் ஏறத்தாழ ஆறு கிலோவை அவள் இறக்கி வைத்திருக்கிறாள். அதில் கிட்டத்தட்ட இரண்டேகால் கிலோ, அரிசியும் பானையும் டின்னும் போய் உலர் உணவும் பங்கு அடுப்பும் வந்ததால் குறைந்தது. மிச்சம் தண்ணீர், உடுப்பு, போர்வை.

பாரத்தைக் குறைக்கிறோம் என்று குறைக்கக்கூடாதவையும் உண்டு. மழை அங்கி, முதலுதவிப் பை, விசில், ஒரு மேலதிக நேர உணவு. அவை நூறு இருநூறு கிராம்தான், வாதம் வேண்டாம். அதேபோல, எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டக்கூடாது. நெருப்புப் பற்றும் என்பது ஒரு காரணம். காபனோரொட்சைட்டு மற்றக் காரணம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரை வருவதுபோலத்தான் இருக்கும். அடுப்பைப் பற்றவைப்பவள் ஹிஜாபின் நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, முழங்காலில் நின்று, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். குழுவுக்கு ஒருத்திதான் பற்றவைப்பாள், அவள் யார் என்பது புறப்படும் முன்னரே முடிவாக வேண்டும்.

பரீட்சை முடிந்த மறுவாரம் வியாழக்கிழமை, பாடசாலை விட்டதும் இரசாயன ஆய்வுகூடத்தில் தராசோடு காத்திருப்பேன். வர விரும்பும் பிள்ளைகள் பையைக் கட்டியே கொண்டு வாருங்கள், பெற்றோரில் ஒருவரும் கூட வரட்டும். உடல் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டும் பையை அங்கேயே பிரிப்போம், எதை எடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்வாள். மீன் டின்களை எப்படியும் அனுப்பியே தீர்வேன் என்னும் உம்மாமார் அவற்றை ஆய்வுகூட அலுமாரியில் வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்த அன்று எல்லோருமாகச் சேர்ந்து பாணோடு சாப்பிடுவோம்.